மார்ஸ்வித்தின் ஓடைக்கரை

வேசர் ஆற்றங்கரை,
புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

என் அன்புக்குரிய அக்கா ரோத்லிந்து அவர்களுக்குத் தம்பி கெர்வின் வணங்கி எழுதுவது.

நான் சுகம். நீங்கள் சுகமா? மடத்துத் தலைவியான தாயாரும் மற்றச் சகோதரிகளும் சுகமா? போன தடவை எழுதியது வந்து சேர்ந்ததா என்றே தெரியவில்லை. அதை வாங்கிக்கொண்டு போன உப்பு வியாபாரியை வழியில் யாரோ கொன்றுவிட்டதாக இங்கே ஒரு பேச்சு. இதை எங்கள் குருக்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியாரின் ஆட்களிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கோவில் எழும்பிவிட்டது. நம் ஊர்க் கல் கோவிலை நினைத்துக்கொள்ளாதீர்கள். பலகைச் சுவர், வைக்கோல் கூரை. மழை வந்தால் சரியாகப் பீடத்துக்கு மேலே ஒழுகுகிறது. திராட்சை ரசத்தில் மழைத்தண்ணீர் விழாமல் ஒரு கையால் கிண்ணத்தை மூடிக்கொண்டு, மறு கையால் பூசை செய்கிறேன்.

சாக்சன் சனங்கள் எல்லோரும் இப்போது கிறிஸ்தவர்கள்தான். போன கோடையில் நம் மன்னரின் படைவீரர்கள் கரையில் ஈட்டியோடு நிற்க, ஊர் முழுவதும் ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது. நான் காலையிலிருந்து சாயங்காலம் வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். ஒரு கிழவர் மூன்றாவது முறை முங்கி எழுந்ததும் என் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அப்போது புரியவில்லை. இப்போது அவர்கள் பாஷை கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. "முடிஞ்சுதா? நான் வீட்டுக்குப் போகலாமா?" என்றுதான் கேட்டிருக்கிறார்.

அவர் பெயர் லியுத்கர். அவருடைய மருமகள் மார்ஸ்வித் என்பவள்தான் எனக்குத் தினமும் கஞ்சி ஊற்றுகிறாள். விதவை. மூன்று வருஷத்துக்கு முன்னால், நம் மன்னருக்கு எதிரான கலகம் அடங்கிய பிறகு, ஒரே நாளில் ஆற்றங்கரையில் வரிசையாக நிறுத்தி நம் ஆட்கள் வெட்டினார்களே, அதில் அவள் புருஷனும் ஒருவன். உடலைக்கூடக் கொடுக்கவில்லையாம். எல்லோரையும் ஒரே குழியில் தள்ளி மூடிவிட்டார்கள். ஓதா என்று நாலு வயசில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. இத்தனையும் செய்த கூட்டத்தைச் சேர்ந்தவன் நான். எனக்குக் கஞ்சி ஊற்ற அவளுக்கு எப்படி மனசு வருகிறது என்று அவளிடம் கேட்டேவிட்டேன்.

"பசிச்ச ஆளு வாசல்ல வந்து நின்னா என்ன பண்றது சாமி? உங்களுக்கு ஊத்தலைன்னா பன்னிக்குத்தான் ஊத்தணும். அது ஏற்கெனவே கொழுத்துக் கெடக்கு" என்றாள்.

அவள் வீடு கோவில் மேட்டுக்குக் கீழே. வருஷம் முழுக்க வற்றாத ஓடை ஒன்று அவள் நிலத்தின் நடுவே போகிறது. இரு பக்கமும் புல்வெளி, அதன் ஓரத்தில் தேன்கூடுகள். நீங்கள் பார்த்தால் அங்கிருந்து கிளம்பவே மாட்டீர்கள்.

கம்பளிக் காலுறை இருந்தால் அனுப்புங்கள். மெழுகும் கொஞ்சம். தனிமை சில நாள் கழுத்தைப் பிடிக்கிறது. உங்கள் எழுத்தைப் பார்த்தால் அது விடும்.

உங்கள் தம்பி
கெர்வின்


மேஸ் நதிக்கரைக் கன்னியர் மடம்,
மூன்று ராஜாக்கள் திருநாள்

என் அருமைத் தம்பி கெர்வினுக்கு அக்காவின் ஆசீர்வாதம்.

நாலு வரி எழுத உனக்கு ஆறு மாசம் ஆகிறது. முதல் கடிதம் வரவேயில்லை. உன்னைக் கொன்று ஆற்றில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, ஒரு மாசம் உனக்காக இறந்தவர்களுக்கான ஜெபம் சொன்னேன். பரவாயில்லை, எப்போதாவது உதவும்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் வாசிக்கச் சொன்னார்கள் தாயார். மழையில் கிண்ணத்தை மூடிய இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். இங்கே பிரபுக்கள் வீட்டுப் பெண்களுக்குப் பின்னால் நின்றே பதினெட்டு வருஷமாகக் கோவிலுக்குள் போய்வருகிறேன். கொல்லன் மகள் எவ்வளவு அழகாக வேதப் புத்தகத்தைப் படி எடுத்தாலும் கொல்லன் மகள்தான். அன்றைக்கு மட்டும் எல்லோரும் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள்.

காலுறை இரண்டு ஜோடி, மெழுகு ஒரு பெட்டி. பாதிரிகளுக்குப் பல் போனால் பிரசங்கம் போய்விடும். அந்த ஊர்க் கல் ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துத் தின்னு. ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதே. அந்த விதவை வீட்டில் தினமும் சாப்பிடாதே. நீ எதுவும் தப்பாக நடக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். அம்மா காய்ச்சலில் போனபோது நீ தவழ்கிற குழந்தை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நான் உலையில் துருத்தி ஊதினேன். ஆனால் மற்றவர்களுக்கு அது தெரியாதே.

தாயாரின் தம்பி ஹுன்ரிக் பிரபு உங்கள் பகுதிக்கு அதிகாரியாக வருகிறார். கண்டிப்பான மனுஷர் என்கிறார்கள். மரியாதையாக நடந்துகொள்.

உன் அக்கா
ரோத்லிந்து


வேசர் ஆற்றங்கரை,
தவக்காலம் மூன்றாம் வாரம்

அன்புள்ள அக்காவுக்கு,

காலுறை வந்தது. கால் உயிர் பெற்றது. மெழுகில் பாதியை வழியில் யாரோ எடுத்துக்கொண்டார்கள்.

ஹுன்ரிக் பிரபு வந்து சேர்ந்தார். வந்த எட்டாம் நாள் சுற்று ஊர்க்காரர்களை எல்லாம் புல்வெளியில் கூட்டினார். மன்னரின் புதிய சட்டத்தை நான் அவர்கள் பாஷையில் உரக்கச் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. கைப்பிரதியை அப்போதுதான் கையில் கொடுத்தார்கள். முன்கூட்டிப் படித்திருந்தால் காய்ச்சல் என்று படுத்திருப்பேன்.

கோவிலுக்குள் புகுந்து திருடினால் சாவு. ஞானஸ்நானம் பெறாமல் ஒளிந்திருந்தால் சாவு. தவக்காலத்தில் நம் மார்க்கத்தை இகழ்ந்து இறைச்சி தின்றால் சாவு. செத்தவர் உடலைப் பழைய வழக்கப்படி எரித்து எலும்பைச் சாம்பலாக்கினால் சாவு. நான் சொல்லிக்கொண்டே போகிறேன், என் வாயிலிருந்து அந்த ஒரே சொல் வந்துகொண்டே இருக்கிறது. அவர்கள் பாஷையில் எனக்கு நன்றாகத் தெரிந்த சொற்களில் அதுவும் ஒன்று.

லியுத்கர் மட்டும் கையைத் தூக்கினார். "எரிச்சவன என்ன பண்ணுவீங்க? வெட்டுவீங்களா, எரிச்சிருவீங்களா?" என்றார். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பிரபு என்னவென்று கேட்டார். கிழவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று மொழிபெயர்த்தேன்.

கடைசியில் ஒரே ஒரு நல்ல வரி இருந்தது அக்கா. இந்தக் குற்றங்களில் எதையாவது மறைவாகச் செய்தவன், பிடிபடும் முன்னால் தானாகவே குருவிடம் வந்து தன் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தால், அந்தக் குருவின் சாட்சியால் அவன் உயிர் தப்பும். அந்த வரியை மட்டும் இரண்டு தடவை சொன்னேன். சொல்லும்போது ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். கூட்டம் கலைந்ததும் பிரபு என்னைக் கூப்பிட்டார்.

"கடைசி வரிய ஏன் சாமி ரெண்டு வாட்டி சொன்னீங்க?"

"காத்து அடிச்சுது பிரபு. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்காதுன்னு..."

"மத்த வரிக்கெல்லாம் காத்து அடிக்கலையோ?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

மறுநாள் மார்ஸ்வித் கஞ்சி ஊற்றும்போது, "எல்லாத்துக்கும் ஒரே தண்டனைதானா சாமி? நல்லதுதான். ஞாபகம் வச்சுக்கிறது சுலபம்" என்றாள். கஞ்சியைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

லியுத்கருக்கு உடம்பு சரியில்லை. கால் வீங்கியிருக்கிறது. அவருக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

தம்பி
கெர்வின்


மேஸ் நதிக்கரைக் கன்னியர் மடம்,
உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு முடிந்த வெள்ளி

என் கண்ணே கெர்வின்,

இதைச் சந்தோஷத்தில் எழுதுகிறேன். உங்கள் பகுதியில் கிளை மடம் ஒன்று தொடங்கத் தாயார் தீர்மானித்துவிட்டார்கள். அதற்குத் தலைமையாக அனுப்ப யாரைச் சொன்னார்கள் தெரியுமா? என்னை! பிரபுக்கள் வீட்டுப் பெண்கள் அந்தக் குளிருக்கும் காட்டுக்கும் பயந்தார்கள் என்பதும் ஒரு காரணம், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என்ன? உன்னை நான் பார்க்கலாம். உன் கோவிலில் உன் பூசை கேட்கலாம்.

தண்ணீரும் புல்வெளியும் உள்ள இடம் கிடைத்தால்தான் போக முடியும் என்றார்கள் தாயார். உடனே எனக்கு நீ எழுதியிருந்த ஓடைக்கரை ஞாபகம் வந்தது. சொன்னேன். "உடையவள் இருக்கிற நிலத்தை நாம் எப்படிக் கேட்பது?" என்றுவிட்டார்கள். நியாயம்தான். நீ வேறு இடம் ஏதாவது பார்த்துச் சொல்லேன். உன் கண்ணுக்குப் பிடித்தால் எனக்கும் பிடிக்கும்.

சட்டம் கடுமையாகத்தான் தெரிகிறது. பிரபுவிடம் வாதாடாதே. பெரியவர்கள் யோசிக்காமல் செய்யமாட்டார்கள்.

அக்கா
ரோத்லிந்து


வேசர் ஆற்றங்கரை,
ஸ்நாபக அருளப்பர் திருநாள் கழிந்த மூன்றாம் நாள்

அன்புள்ள அக்காவுக்கு,

இதை நீங்கள் ஒருவர் மட்டும் படியுங்கள். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். எனக்கு வேறு யாரும் இல்லை. மேற்றிராணியார் நாலு நாள் தூரத்தில் இருக்கிறார். இங்கே பக்கத்தில் இருப்பவர் ஹுன்ரிக் பிரபு ஒருவர்தான்.

லியுத்கர் இறந்துவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பு நான் சாவுப் படுக்கையில் தரும் நற்கருணை அப்பம் கொடுக்கப் போனபோது, என் கையைப் பிடித்துக்கொண்டு மருமகளிடம் சொன்னார்: "என்ன மண்ணுல போட்றாதே. என் மகன மண்ணுலதான் போட்டாங்க, மத்தவன் காலுக்கும் தலைக்கும் நடுவுல. என் அப்பன் போன வழியில என்ன அனுப்பு." நான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தெரிந்தேதான் சொன்னார். எனக்குப் பாஷை புரியாத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவர் மூச்சு நின்ற காலை மார்ஸ்வித் வந்தாள்.

"சாமி, மேல்கரை ஊர்ல யாருக்கோ உடம்பு சரியில்லையாம். ரெண்டு நாள் போயிட்டு வாங்களேன்."

"யாருக்கு?"

"யாருக்காவது இருக்கும் சாமி. இவ்வளவு பெரிய ஊர்ல ஒருத்தருக்குக்கூடவா இருக்காது?"

நான் போனேன் அக்கா. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, நடந்து போனேன். திரும்பி வந்தபோது கோவில் முற்றத்தில் புது மண்மேடு ஒன்று இருந்தது, மேலே சிலுவை நட்டிருந்தது. ஊரே சுற்றி நின்றது. நான் ஆசீர்வதித்தேன். முழு ஜெபமும் சொன்னேன். உள்ளே இருந்தது லியுத்கரின் உடல் இல்லை, ஒரு பூர்ச்ச மரக்கட்டை. அதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். சதுப்புக்கு அப்பால் மரக்கூட்டத்துக்குள் கருகிய தரையை நானே கண்ணால் பார்த்தேன்.

அவளிடம் மன்றாடினேன். "என்கிட்ட வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிடு மார்ஸ்வித். ரெண்டே வார்த்தை. அப்புறம் யாரு வந்து கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கிறேன். உன் உயிருக்கு நான் பொறுப்பு."

"தப்பு பண்ணினாத்தானே சாமி சொல்லணும்? அவருக்குக் குடுத்த வாக்கக் காப்பாத்தினேன். இப்ப நானே வந்து அது பாவம்னு சொன்னா, நான் பண்ணினதுக்கு என்ன அர்த்தம்?"

"பொண்ண நெனச்சுப் பாரு."

"அவளுக்காகத்தான் சாமி. நாளைக்கு என்ன அவதானே அனுப்பி வைக்கணும்."

அதற்கு மேல் என்னால் அவளை அசைக்க முடியவில்லை. இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. திறந்தால், என்னைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள்: அவள் தானாக வந்து உன்னிடம் சொன்னாளா என்று. அவள் வரவில்லை. வந்தாள் என்று நான் சத்தியம் செய்தால் அவள் பிழைப்பாள். செய்யலாமா அக்கா? சிறு வயதில் எது சரி எது தப்பு என்று உங்களைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். இப்போதும் சொல்லுங்கள்.

கெர்வின்


மேஸ் நதிக்கரைக் கன்னியர் மடம்,
புனித மரிய மதலேனாள் திருநாள்

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அவசரப்பட்டு ஒன்றும் செய்துவிடாதே. பொய்ச் சத்தியத்தை நினைத்துக்கூடப் பார்க்காதே. மற்றொருத்தியின் உடம்புக்காக உன் ஆத்துமாவைக் கொடுப்பதா? நீ மேல்கரைக்குப் போனதே தப்பு. அதற்கு நீ தனியாகப் பரிகாரம் செய்ய வேண்டும்.

இங்கே அவரைக்காய் அறுவடை நடக்கிறது. எனக்கு முதுகு வலி. உனக்கு ஒரு சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். கடிதத்தைப் பற்றிக் கவலைப்படாதே. அது பத்திரமாக இருக்கிறது.

அக்கா
ரோத்லிந்து


வேசர் ஆற்றங்கரை,
திருச்சிலுவைத் திருநாளுக்கு மறுநாள்

அக்காவுக்கு,

பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லைப் படித்த அன்றைக்கே, அப்படியென்றால் எரிக்கவில்லையா என்று எனக்குத் தோன்றியது. என் அக்காவைச் சந்தேகிப்பதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். ஐந்து நாள் முன்பு, காலைப் பூசை முடிந்து சனங்கள் வெளியே வரும்போது பிரபுவின் ஆட்கள் கோவில் முற்றத்தில் நின்றார்கள். நேராக அந்த மண்மேட்டுக்குப் போய்த் தோண்டினார்கள். யாரையும் கேட்கவில்லை, தேடவில்லை. கட்டையை எடுத்துப் புல்லில் போட்டார்கள். மார்ஸ்வித் ஓதாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஓடவில்லை.

மதியம் அதே புல்வெளியில் விசாரணை. ஹுன்ரிக் பிரபு முக்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, உன் மாமனார எரிச்சியா?"

அவள் வாய் திறக்கும் முன் நான் முன்னால் போனேன். "பிரபு, இந்தப் பொம்பள தானா என்கிட்ட வந்து பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா. பரிகாரமும் குடுத்திருக்கேன். சட்டப்படி இவ உயிருக்கு என் சாட்சி போதும்" என்றேன்.

"சத்தியம் பண்ணுவீங்களா சாமி?"

பீடத்திலிருந்து, புனிதர் ஒருவரின் எலும்புகள் வைத்த பெட்டியைக் கொண்டுவரச் செய்தார். அதன் மேல் கை வைத்தேன். சத்தியம் செய்தேன். மார்ஸ்வித் என்னைப் பார்த்தாள். பிறகு ஓதாவைப் பார்த்தாள். அவளும் கடைசியில் தன் பிடிவாதத்தை விட்டாள்.

"ஆமா. சாமிகிட்ட வந்து சொன்னேன்" என்றாள். அந்தப் பொய்யைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு வலித்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பிரபு தலையாட்டினார். பக்கத்தில் நின்ற எழுத்துக்காரனிடம் கையை நீட்டினார். அவன் தோல்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துப் பிரித்தான். நான் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டேன்; என் எழுத்து. "அவள் வரவில்லை. வந்தாள் என்று நான் சத்தியம் செய்தால் அவள் பிழைப்பாள்." உரக்க வாசித்தான். பிறகு பிரபு என்னைப் பார்த்து, "மொழிபெயர்த்துச் சொல்லுங்க சாமி, சனங்களுக்குப் புரியட்டும்" என்றார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். வேறொருவன் சொன்னான்.

மார்ஸ்வித் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

"இத நீங்களா எழுதினீங்க சாமி?"

"ஆமா."

"யாருக்கு?"

"என் அக்காவுக்கு."

"அக்காவுக்கா..." என்றாள். "எனக்கு ஒரு அக்கா இருந்திருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

அவ்வளவுதான் அவள் என்னிடம் பேசியது. சாயங்காலத்துக்கு முன்னால் முடித்துவிட்டார்கள். வாள். ஓதாவை நான் கோவிலுக்குள் கொண்டுபோய்ச் சத்தம் கேட்காமல் காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். அவள், "அம்மா எப்ப வருவா, பசிக்குது" என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். மறுநாள் பிரபுவின் ஆட்கள் அவளையும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். மடத்தில் வளர்க்கப் போகிறார்களாம்.

மார்ஸ்வித்தை மண்ணில்தான் வைத்தேன் அக்கா. அவள் என்ன விரும்பியிருப்பாள் என்று தெரிந்தும் மண்ணில்தான் வைத்தேன். எரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நாளை மேற்றிராணியாரிடம் போகிறேன், என் பொய்ச் சத்தியத்தைச் சொல்ல. அதற்கு முன்னால் உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கடிதம் எப்படி அங்கே போனது?

கெர்வின்


வேசர் ஆற்றங்கரை, புதிய மடம்,
விண்ணேற்றத் திருநாள்

என் தம்பி கெர்வினுக்கு,

நீ எங்கே இருக்கிறாய் என்று எட்டு மாசமாக விசாரித்து, வடகடல் ஓரத்துச் சதுப்பு ஊர் ஒன்றில் இருப்பதாக நேற்றுத்தான் ஒரு மீன்காரன் சொன்னான். இதை அவனிடமே தருகிறேன்.

உன் கேள்விக்கு அப்போதே பதில் எழுதினேன். கடிதம் மேசையில் இருந்தது, தாயார் தற்செயலாகப் பார்த்துவிட்டார்கள் என்று. நீ அதற்குப் பதில் போடவில்லை. அது பொய் என்று உனக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்தை அடுப்புவரை கொண்டுபோனேன், கெர்வின். நெருப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. சமையல்காரச் சகோதரி, "என்ன வேணும்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பி, ஹுன்ரிக் பிரபுவின் அக்காவான தாயார் அறைக்குப் போனேன். உன்னைப் பொய்ச் சத்தியத்திலிருந்து காப்பாற்றத்தான் போகிறேன் என்று வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டேன். கதவைத் தட்டியபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்த ஓடையை.

அவளை ஊரைவிட்டுத் துரத்துவார்கள், அதற்கு மேல் ஒன்றும் நடக்காது என்று நினைத்தேன் என எழுதக் கை போகிறது. அதுவும் உண்மையில்லை. சட்டத்தை எனக்கு எழுதியவனே நீதான்.

உடையவள் இல்லாததால் பிரபு மடத்துக்குக் கொடுத்த அந்த நிலத்தில்தான் இப்போது இருக்கிறேன். ஐந்து சகோதரிகள் எனக்குப் பின்னால் நடந்து கோவிலுக்குள் வருகிறார்கள். ஊர்க்காரர்கள் எங்களைக் கண்டால் வேலி பக்கம் திரும்பி நிற்கிறார்கள். புதிதாக வந்த குரு முதியவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது என்று யோசித்தேன். உன்னைத் தவிர எனக்கும் வேறு யாரும் இல்லை.

ஓதா எங்களிடம்தான் இருக்கிறாள். கோழிகளுக்குத் தீனி போடுகிறாள். முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. மற்றவர்களிடம் பேசமாட்டாள், என் அங்கியைப் பிடித்துக்கொண்டே திரிகிறாள். போன வாரத்திலிருந்து என்னை அம்மா என்று கூப்பிடுகிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உயிர் போய் வருகிறது. ஆனாலும் கூப்பிடாதே என்று சொல்ல முடியவில்லை.

திட்டி எழுது. என்ன வேண்டுமானாலும் எழுது. என்னை மன்னி.

உன் அக்கா
ரோத்லிந்து


வடகடல் ஓரம்,
புனித பேதுரு பவுல் திருநாள்

சகோதரி ரோத்லிந்து அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது.

மேற்றிராணியார் எனக்குக் கொடுத்த பரிகாரம் ஏழு வருஷம். முதல் மூன்று வருஷம் பீடத்தைத் தொடக்கூடாது. இங்கே அடுப்பெரிக்கக் கரி மண் வெட்டிச் சுமக்கிறேன். சனங்கள் நான் யாரென்று கேட்பதில்லை. ஆகவே நீங்கள் கேட்ட மன்னிப்பைக் குருவாகக் கொடுக்க எனக்கு இப்போது அதிகாரம் கிடையாது. தம்பியாகக் கொடுக்கலாமா என்று ஒரு மாசம் யோசித்தேன். கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். வரவில்லை. உங்களை வெறுக்கவும் வரவில்லை. உங்கள் இடுப்பில் இருந்த குழந்தை நான், அதை நான் மறக்கவில்லை. தவிர, பிரபுவிடம் போன அந்தக் கடிதத்தை எழுதிய கை என்னுடையது. ஒரு பெண்ணின் உயிரைத் தாளில் எழுதி வழிப்போக்கன் கையில் கொடுத்தவன் நான்தான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஓதாவுக்கு ஒரு நாள் விவரம் தெரியும் வயசு வரும். அன்றைக்கு அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் தாய் யார், எதற்காகச் செத்தாள், எவன் எழுதினான், எவள் கொண்டுபோய்க் கொடுத்தாள் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். வேலியோரம் திரும்பி நிற்கிற யாரோ ஒருவர் சொல்லி அவள் அறியக் கூடாது. ஒன்றையும் குறைத்துச் சொல்லாதீர்கள். என்னையும் விட்டுவிடாதீர்கள்.

அதற்குப் பிறகும் அவள் உங்களை அம்மா என்று கூப்பிட்டால் எனக்கு எழுதுங்கள்.

அதுவரை எழுத வேண்டாம்.

கெர்வின்